உங்களுக்குத் தெரியுமா? - சைக்கிளில் விழுந்து எழுந்த பிறகு

★ சைக்கிளிலிருந்து சாயும்போது கை தானாகவே தரையில் ஊன்றிக்கொள்ளும். அடியை வாங்குவது பல நேரம் மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கம் இருக்கும் படகெலும்பு. இதில் விழுந்த விரிசல் முதல்நாள் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜம். இந்த எலும்புக்கு ரத்தம் விரல் பக்கத்திலிருந்துதான் உள்ளே போகிறது. நடுவில் முறிந்தால் முழங்கைப் பக்கத்துத் துண்டுக்கு ரத்தம் கிடைக்காமல் போகலாம். அது கூடாமலே கிடந்தால், சில வருடங்களில் மணிக்கட்டு தேய்ந்துவிடும். கட்டைவிரலை விறைப்பாக நீட்டினால் அதன் அடியில் ஒரு குழி விழும். அங்கே அழுத்தினால் வலிக்கிறதா? ‘வெறும் சுளுக்கு’ என்று விட்டுவிடாமல், இரண்டு வாரத்துக்குள் இன்னொரு எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

★ கேரியரில் குழந்தையை வைத்து ஓட்டும்போது அதன் கால் பின்சக்கரக் கம்பிக்குள் போய்விடுவதை நம் ஊரில் பார்க்காதவர்கள் குறைவு. முதல் நாள் குதிகாலில் தோல் கொஞ்சம் கன்றியிருக்கும், அவ்வளவுதான். நசுங்கிய தோல் கறுத்துச் செத்துப்போவது இரண்டு மூன்று நாள் கழித்துத் தெரியும். வேறு இடத்துத் தோலை எடுத்து ஒட்டவேண்டியும் வரலாம். தழும்பு குதிகால் தசைநாணோடு ஒட்டிக்கொண்டால் கணுக்கால் முழுதாக மடங்காது. கணுக்காலுக்குச் சற்று மேலே எலும்பு வளரும் குருத்துத் தட்டு ஒன்று உண்டு. அது ஒரு பக்கம் நசுங்கினால் அந்தப் பக்கம் வளர்ச்சி நிற்கும், மறுபக்கம் வளரும், பாதம் வருடத்துக்கு வருடம் கோணிக்கொண்டே போகும். சேலை சிக்காமல் இருக்க ஒரு பக்கம் வலை போடுகிறோம். குழந்தைக்கோ இரண்டு பக்கமும் வலையும், கால் வைக்க ஒரு கட்டையும் வேண்டும். கடைக்காரரிடம் கேட்டு மாட்டுகிறவர்கள் எத்தனை பேர்?

★ குரங்குப் பெடல் போடும் வயதில் அதிகம் உடைவது முழங்கைக்குச் சற்று மேலே. வீங்கிய முழங்கையை எண்ணெய் விட்டு நீவினால் ‘ரத்தக்கட்டு கரையும்’ என்பார்கள். நடப்பது நேர்மாறு: அடிபட்ட தசையை நீவ நீவ, தசைக்குள்ளேயே எலும்பு முளைத்து மூட்டு இறுகிப்போகலாம். தப்பை வைத்து இறுக்கிக் கட்டுவது இன்னும் ஆபத்து. உள்ளே வீக்கம் ஏற ஏற ரத்த ஓட்டம் நின்று, சில மணி நேரத்தில் முன்கைத் தசை செத்துவிடும். விரல்கள் மடங்கியபடியே நிலைத்துவிடும். ஜெர்மன் அறுவை மருத்துவர் ரிச்சர்ட் வோல்க்மான் 1881-இல் விளக்கி எழுதிய இந்த ஊனம் இன்றும் அவர் பெயரிலேயே அழைக்கப்படுகிறது. கட்டுப் போட்ட கையின் விரலை மெல்ல நீட்டிவிடும்போது குழந்தை அலறினால், மாவுக்கட்டோ தப்பையோ, உடனே பிரித்தாக வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

★ அதே முழங்கையில் வெளிப்பக்க எலும்பு கூடாமல் விட்டுப்போனால் கதை வேறு. பையன் வளர வளர முன்கை வெளிப்புறமாகச் சாயும். முழங்கையின் உட்பக்கமாக ஓடும் நரம்பு இழுபட்டுக்கொண்டே இருக்கும். இருபது வருடம் கழித்து ஒருநாள் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போய், சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் டாக்டரிடம் வருவார். சின்ன வயதில் விழுந்தது அவருக்கே மறந்திருக்கும்!

★ ஹேண்டில்பாரின் முனை வயிற்றில் குத்தினால் வெளியே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டத் தடம்தான் தெரியும். உள்ளே முதுகெலும்பின்மேல் குறுக்காகக் கிடக்கும் கணையம் நசுங்கியிருக்கலாம். வாந்தி மறுநாள்கூடத் தொடங்கலாம். கணைய நீர் கசிந்து கட்டியாகத் திரள்வதற்கு வாரக்கணக்கில் ஆகும். கைப்பிடி ரப்பர் கிழிந்து இரும்புக் குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சைக்கிளைப் பிள்ளைகளிடம் கொடுக்கவே கூடாது. அதே குத்தில் மண்ணீரல் சிதைந்து அகற்றப்பட்டால், சில கிருமிகளை எதிர்க்கும் திறன் வாழ்நாள் முழுக்கக் குறைவு. அதற்கென்று தனித் தடுப்பூசிகள் போடவேண்டும்.

★ தார்ச்சாலையில் உரசிய சிராய்ப்பில் புகுந்த கருந்துகளை அன்றைக்கே தேய்த்துக் கழுவாவிட்டால், பச்சை குத்தியதுபோல நிரந்தரமாகத் தங்கிவிடும்.

★ பின்மண்டையில் அடிபட்டவருக்குச் சில நாள் கழித்துக் காப்பி மணக்காமல் போகலாம். மூக்கிலிருந்து மூளைக்குப் போகும் மெல்லிய நரம்பிழைகள் அறுந்திருக்கும். பலருக்கு வாசனை திரும்புவதே இல்லை. இப்படிப்பட்டவர் வீட்டுச் சமையலறையில் எரிவாயுக் கசிவை அறிவிக்கும் கருவி அவசியம்.

★ நான்கு முறை டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்ற கிறிஸ் புரூம், 2019 ஜூனில் பந்தயப் பாதையைப் பார்வையிடப் போனபோது சுவரில் மோதித் தொடையெலும்பு, முழங்கை, விலா ஆகியவற்றை முறித்துக்கொண்டார். மறுபடி ஓட்டினார், ஆனால் ஐந்தாவது வெற்றி கிடைக்கவில்லை. 2020-இல் போலந்துப் பந்தயத்தில் தடுப்பில் மோதி முகம் சிதைந்த ஃபாபியோ யாகோப்சனுக்கு இடுப்பெலும்பிலிருந்து துண்டு எடுத்துத் தாடையைச் சீரமைத்தார்கள். அவர் 2022-இல் டூர் டி பிரான்ஸில் ஒரு கட்டத்தையே வென்றார். ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்ற ஜெர்மனியின் கிறிஸ்டினா ஃபோகல் 2018-இல் பயிற்சியில் மோதித் தண்டுவடம் அறுபட்டு, சக்கர நாற்காலிக்கு வந்தார். மறு வருடமே எர்ஃபுர்ட் நகர்மன்ற உறுப்பினர்!

★ அறுபது தாண்டியவர் சைக்கிளிலிருந்து விழுந்து, தலையில் லேசாக இடித்துக்கொண்டு, தட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார். மூன்று நாலு வாரம் கழித்துத் தலைவலி, நடையில் தள்ளாட்டம், பேச்சில் குழறல். ‘வயசாகிடுச்சு, ஞாபகமறதி’ என்று வீட்டில் முடிவுகட்டிவிடுவார்கள். மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே சொட்டுச்சொட்டாகச் சேர்ந்த ரத்தம் மூளையை அமுக்குவதுதான் பல நேரம் காரணம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது அதிகம். சிடி ஸ்கேனில் தெரிந்துவிடும். மண்டையோட்டில் சின்னத் துளை போட்டு வடித்துவிட்டால் பலர் பழையபடி நடந்து வீடு திரும்புகிறார்கள். அப்பா போன மாதம் சைக்கிளில் விழுந்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.