கத்தி ஒண்ணு... கணக்கு ரெண்டு!

கடையிலிருந்து புத்தம் புது டயர் வாங்கி வருகிறார் ஒருவர். விலை கொஞ்சநஞ்சமில்லை. நம்ம ஊராக இருந்தால் எலுமிச்சம்பழம் நசுக்கி, சூடம் காட்டியிருப்போம். அவரோ சூடான கத்தியை எடுத்து டயரைச் 'சரக் சரக்'கென்று வெட்ட ஆரம்பிக்கிறார்!

'மனுஷனுக்கு மூளை கலங்கிடுச்சோ?' என்று பதறாதீர்கள். அமெரிக்காவில் இது ஒரு கலை. ஜீப்பில் பாறை மேல் ஏறுவதையே பொழுதுபோக்காக வைத்திருக்கும் கூட்டம் அங்கே உண்டு. யூட்டா மாநிலத்து மோவாப், கலிஃபோர்னியாவின் ரூபிகான் பாதை... இதெல்லாம் அவர்களுக்குத் திருப்பதி, பழநி மாதிரி. (ஜீப்பில் ஒரு மாடலுக்கே 'ரூபிகான்' என்று பெயர்.) வண்டி அங்கே ஓடாது, ஊரும். பின்னால் வரும் நத்தை ஹாரன் அடிக்கும்!

சரி, டயரை ஏன் வெட்டணும்?

ஆஃப் ரோடு டயரில் பட்டன் ஒவ்வொன்றும் மைசூர்பாகு சைஸுக்கு இருக்கும். நடுவே அகலமான சந்து. அந்தச் சந்து சேற்றுக்காக. சக்கரம் சுற்றும்போது ஒட்டின சேறு தெறித்து விழுந்தால்தான் அடுத்த சுற்றில் பிடிப்பு கிடைக்கும். ஆனால், ஈரப்பாறையில் கதை வேறு. கட்டிப் பட்டன் வளைந்து கொடுக்காமல் வழுக்கும். அதற்குக் குறுக்கே ரெண்டு வெட்டுப் போட்டால், ஒரு பட்டன் மூணாகிறது. ஒவ்வொன்றும் தனித்தனியாக வளைந்து பாறையின் மேடு பள்ளத்தைப் பற்றும். மூடின முஷ்டியால் டம்ளரைத் தூக்க முடியுமா? விரல்கள் பிரிந்தால்தானே முடியும்! அந்த சமாசாரம்தான் இது.

கருவி, மின்சாரத்தில் சூடாகும் 'ப' வடிவ பிளேடு. இழுக்க இழுக்க, ரப்பர் ரிப்பன் பக்கோடா மாதிரி சுருண்டு வரும். (வாசனையை மட்டும் பக்கோடாவோடு ஒப்பிடாதீர்கள்.) பிளேடு எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்பதை முன்கூட்டியே திருகி நிறுத்திவிட வேண்டும். இந்த ரக டயரில் பட்டன் உயரம் சுமார் 14, 15 மில்லிமீட்டர். சாதாரண கார் டயரில் சுமார் 8தான். வெட்டு, பட்டனோடு நிற்கணும். கீழே மெல்லிசாக ஒரு ரப்பர் படுகை. அதற்கும் கீழே எஃகுக் கம்பி. கத்தி அதுவரை போனால் தண்ணீர் இறங்கும், கம்பி துருப்பிடிக்கும், ஒருநாள் ஓடும்போதே டயர் வாழைப்பழம் மாதிரி தோல் உரியும்.

அனுபவஸ்தர்கள் கத்தியை எடுப்பதற்கு முன் காற்றைத் திறந்துவிடுவார்கள். ரோட்டில் 30 பவுண்டு என்றால் பாறையில் 15. டயர் சப்பையாகிப் பாறையைக் கட்டிப்பிடித்துக்கொள்ளும். செலவு, சல்லிக்காசு இல்லை. தார் ரோட்டுக்குத் திரும்பியதும் மறக்காமல் காற்றடிக்கணும், அவ்வளவுதான்.

ரப்பரை எடுக்காமல் மெல்லிசாகக் கீறிவிடுவதும் உண்டு. அதற்கு 'சைப்' என்று பெயர். 1923-ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கின ஜான் சைப் என்பவரின் பெயர் அது. கசாப்புக் கூடத்தில் வேலை பார்த்தவர், ஈரத்தரை வழுக்கியதால் ஷூவின் அடிப்பக்கத்தைக் கத்தியால் கீறினார், அங்கே பிறந்தது யோசனை என்று ஒரு கதை சொல்வார்கள்.

"அப்போ வெட்ட வெட்டப் பிடிப்பு கூடுமா சார்?"

கூடாது! காய்ந்த ரோட்டில் எல்லாமே தலைகீழ். 1998-ல் ஃபார்முலா ஒன் கார்களின் வேகத்தைக் குறைக்க என்ன செய்தார்கள் தெரியுமா? டயரில் கோடு போடச் சொன்னார்கள். ரோட்டைத் தொடும் ரப்பர் குறைந்தால் பிடிப்பு குறையும். வளைவில் வேகமும் குறையும். மறுபடி மொழுமொழு டயர் வந்தது 2009-ல்தான்.

நான் பி.காம். எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். டயரில் ரப்பர்தான் முதல். வெட்டு என்பது செலவு. 15 மில்லிமீட்டர் முதல் வைத்திருப்பவர் கொஞ்சம் செலவழித்துப் பாறையில் பிடிப்பு வாங்குகிறார். நியாயமான வியாபாரம். முதலே இல்லாதவர் வெட்டினால்..? அதுக்குப் பேர் கள்ளக்கணக்கு.

அந்தக் கள்ளக்கணக்கு நம்ம ஊர் பைபாஸ் ஓரங்களில் எழுதப்படுகிறது. தேய்ந்து மொட்டையான டயர். அதே 'ப' வடிவக் கத்தி. கொஞ்ச நேரத்தில் பளிச்சென்று பட்டன், மேலே கறுப்புப் பாலிஷ். மொட்டைத் தலையில் ஸ்கெட்ச் பேனாவால் முடி வரைகிற வேலை. அதிலாவது தலைக்கு ஆபத்தில்லை!

அப்படி ஒரு டயரை என் பைக்குக்கு செகண்ட்ஹாண்டில் வாங்கி, 'பாதி விலைக்கு முடிச்சுட்டோம்ல' என்று ஒரு வாரம் காலரைத் தூக்கிவிட்டுத் திரிந்தேன். முதல் மழை. சிக்னலில் பிரேக் பிடித்தேன். நான் நின்றுவிட்டேன், ரோட்டில் உட்கார்ந்தபடி. பைக் மட்டும் சிக்னலைத் தாண்டிப் போனது. பின்னால் வந்த பஸ் டிரைவர் நல்ல டயர் போட்டிருந்ததால் இந்தக் கட்டுரை உங்கள் கையில் இருக்கிறது.

மெக்கானிக் டயரைத் தடவிப் பார்த்துச் சொன்னார்: "இது கத்தி வேலை சார். பள்ளத்துல நூல் தெரியுது பாருங்க!"

"அண்ணே, பட்டன் நல்லா இருந்துச்சே..?"

"பட்டன் இருக்கு சார். டயர்தான் இல்ல!"

அவர் கற்றுக்கொடுத்தது உங்களுக்கும் உதவும். கார் டயர் பள்ளத்துக்குள் ஆங்காங்கே குட்டி மேடு இருக்கும். டூவீலர் டயர்களிலும் தேடிப் பாருங்கள். பட்டன் தேய்ந்து அந்த மேட்டைத் தொட்டால் டயருக்கு ரிட்டையர்மென்ட். கத்தி பட்ட டயரில் அந்த மேடு அறுபட்டிருக்கும், அல்லது காணாமலே போயிருக்கும். கோடுகள் ஒரே அகலத்தில் இல்லாமல் குடிகாரன் நடை மாதிரி போகும். பக்கவாட்டில் நாலு இலக்க எண்ணையும் பாருங்கள். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் பிறந்தது. பழைய தேதி, புதுப் பட்டன் என்றால் உஷார்! நம் மோட்டார் வாகன விதிப்படி பள்ளத்தின் ஆழம் காருக்கு 1.6, டூவீலருக்கு 0.8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது.

லாரி, பஸ் டயர்களில் சில ரகங்களை மறுபடி வெட்டுவதற்கென்றே அடியில் கூடுதல் ரப்பர் வைத்துத் தயாரிப்பார்கள். 'ரீகுரூவபிள்' என்று டயரிலேயே அச்சாகியிருக்கும். அமெரிக்காவில் அந்த முத்திரை இல்லாத டயரை வெட்டி விற்றால் சட்டப்படி குற்றம்.

பி.காமில் 'தேய்மானம்' என்று ஒரு பாடம் உண்டு. தேய்ந்ததைத் தேய்ந்தது என்றே புத்தகத்தில் எழுதணும், மறைத்தால் கம்பெனி கவிழும் என்று வாத்தியார் தொண்டை கிழியச் சொன்னார். காலேஜில் அந்தப் பேப்பரில் பாஸ் பண்ணிவிட்டேன்.

ரோட்டில்தான் அரியர் விழுந்தது!