23 நாளிலேயே பீரியட்ஸ் வருகிறதா? அப்படியென்றால் ‘14-ம் நாள்’ கணக்கு உங்களுக்குப் பொருந்தாது!

கல்யாணமாகி நாலு மாதம் தாண்டினால் போதும்... “என்னம்மா, விசேஷம் ஏதும் உண்டா?” என்ற கேள்வி வீடு தேடி வந்துவிடும்.

திருப்பரங்குன்றத்தில் தாலி கட்டி, பக்கத்திலேயே பசுமலையில் குடித்தனம் நடத்தும் ஒரு தம்பதி என்று வைத்துக்கொள்வோம். மனைவிக்கு 23 நாள்களுக்கு ஒருமுறை பீரியட்ஸ். ‘14-ம் நாள்தான் கரு தங்கும்’ என்று யாரோ சொன்னதை நம்பி, மாதாமாதம் அந்த நாளுக்காகக் காத்திருக்கிறார்கள். ஆனால் அந்த நாள் வருவதற்குள் கருமுட்டை வெளியாகி, அதன் ஆயுளும் பெரும்பாலும் முடிந்திருக்கும். உடம்பில் குறை இல்லை, கணக்கில்தான் பிழை!

பின்னாலிருந்து எண்ணுங்கள்

14-ம் நாள் என்பது 28 நாள் சுழற்சி உள்ளவர்களுக்கான கணக்கு. கருமுட்டை வெளியாகும் ‘ஓவுலேஷன்’, அடுத்த பீரியட்ஸுக்கு 12 முதல் 16 நாள்கள் முன்பு நடக்கிறது என்று ஜப்பானிய மருத்துவர் கியூசாகு ஒகினோ 1924-லேயே சொல்லிவிட்டார். அதனால் 23 நாள் சுழற்சியில் 14-ஐக் கழித்தால், ஏறக்குறைய 9-ம் நாள். 21 நாள் என்றால் 7-ம் நாள்!

வெளியான கருமுட்டை 12 முதல் 24 மணி நேரம்தான் உயிரோடு இருக்கும். விந்தணுவோ பெண்ணின் உடலுக்குள் 5 நாள்வரை தாக்குப்பிடிக்கும். எனவே ஓவுலேஷனுக்கு முந்தைய 5 நாள்களும் அந்த நாளும் சேர்ந்து 6 நாள்கள்தான் வாய்ப்புள்ள காலம். அமெரிக்காவில் 221 பெண்களைக் கவனித்து, அலன் வில்காக்ஸ் குழுவினர் 1995-ல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொன்னது.

23 நாள் சுழற்சி உள்ளவருக்கு அது 4-ம் நாளிலிருந்தே தொடங்கிவிடலாம். ரத்தப்போக்கு நின்ற கையோடு, ஒருநாள் விட்டு ஒருநாள் என 10 நாள்கள் இணைவதே எளிய வழி. தேதி பார்த்துப் பதற்றப்படவும் வேண்டாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

* முதல் நாள் எது? நன்றாக ரத்தப்போக்கு தொடங்கும் நாள்தான் 1-ம் நாள். தலைக்குக் குளித்த நாளிலிருந்து எண்ணினால் கணக்கு தப்பிவிடும். மூன்று மாதங்களாவது குறித்து வையுங்கள்.

* வெள்ளைப்படுதல்: பச்சை முட்டையின் வெள்ளைக்கரு போல வழுவழுப்பாக, விரல்களுக்கிடையே இழுத்தால் நீளும்படி இருந்தால் வாய்ப்புள்ள நாள்கள் வந்துவிட்டன.

* ஓவுலேஷன் கிட்: மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும். எல்.ஹெச் ஹார்மோன் உயர்வை இது சிறுநீரில் காட்டும். 23 நாள் சுழற்சி என்றால் 6-ம் நாளிலிருந்தே பரிசோதியுங்கள். சோதனைக் கோடு, பக்கத்துக் கோட்டின் அளவுக்கோ அதைவிட அழுத்தமாகவோ தெரிந்தால் அன்றும் மறுநாளும் முக்கியம். பி.சி.ஓ.எஸ் இருப்பவர்களுக்கு இந்த கிட் தவறாகக் காட்டக்கூடும்.

* ஆப்: அது சொல்வது வெறும் கணிப்புதான். அதை மட்டுமே நம்பாதீர்கள்.

டாக்டரிடம் இதைக் கேளுங்கள்

ஓவுலேஷன் நடந்ததா என்று அறிய, ‘21-ம் நாள்’ ரத்தப் பரிசோதனை எழுதித் தருவார்கள். புரோஜெஸ்டிரோன் அளவைப் பார்க்கும் இந்தப் பரிசோதனையை, அடுத்த பீரியட்ஸுக்கு 7 நாள்கள் முன்பு செய்ய வேண்டும். 23 நாள் சுழற்சியில் அது 16-ம் நாள். தவறான நாளில் எடுத்தால், சரியாக இருப்பவருக்கும் குறை இருப்பதுபோல ரிசல்ட் வரலாம். அதனால் உங்கள் சுழற்சி எத்தனை நாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எப்போது கவனம் தேவை?

21 முதல் 35 நாள்வரையிலான சுழற்சி இயல்பானதே. 21 நாளுக்குள் வந்தாலோ, 28 நாளாக இருந்தது திடீரெனக் குறைந்தாலோ மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு, புரோலாக்டின் பிரச்னையாகவோ, கருமுட்டை இருப்பு குறைவதன் அறிகுறியாகவோ இருக்கலாம். இடையில் வரும் ரத்தக்கசிவைப் பீரியட்ஸ் என்று நினைத்திருக்கவும் கூடும்.

35 வயதுக்குள் இருப்பவர்கள் ஒரு வருடமும், அதைத் தாண்டியவர்கள் 6 மாதங்களும் முயன்ற பிறகு பரிசோதனைக்குச் செல்லலாம். மதுரைக்காரர்களுக்கு அரசு ராஜாஜி மருத்துவமனையில் மகப்பேறு பிரிவு இருக்கிறது. போகும்போது கணவரும் கூடவே போக வேண்டும். விந்தணுப் பரிசோதனை எளிது, அதையும் ஆரம்பத்திலேயே செய்துவிடுவது நல்லது. குழந்தைக்குத் திட்டமிடும்போதே, டாக்டர் ஆலோசனையுடன் ஃபோலிக் ஆசிட் மாத்திரையையும் தொடங்கிவிடுங்கள்.

அடுத்த முறை யாராவது ‘14-ம் நாள்’ என்று சொன்னால், “என் கணக்கு வேற!” என்று தைரியமாகச் சொல்லுங்கள்.