தலை யாருடையது?

நகரச் சந்திப்புகளில் நாள்தோறும் காணும் காட்சி ஒன்று உண்டு. இருசக்கர வாகனத்தில் வருபவரின் தலைக்கவசம் பெட்ரோல் தொட்டியின் மீது அமர்ந்திருக்கும். அல்லது முழங்கையில் தொங்கிக்கொண்டிருக்கும். தொலைவில் காவலர் தென்பட்டதும் அது விரைந்து தலைக்கு ஏறும். அவரைக் கடந்து நூறடி சென்றதும் பழைய இடத்துக்கே இறங்கிவிடும். சிரிப்புக்கு இடமான காட்சிதான். ஆயினும் சிந்தனைக்கும் உரியது. அந்தக் கவசம் காப்பது எதனை? தலையையா, பணப்பையையா?

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், தனது 129ஆம் பிரிவில் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. எனினும் நெடுங்காலம் அது ஏட்டளவில் நின்றது. 2015ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளிலிருந்து, ஓட்டுபவர் மட்டுமன்றிப் பின்னால் அமர்பவரும் அதனை அணிந்தே தீரவேண்டும் எனச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது, கடைகளில் கூட்டம் அலைமோதியது. பின்னர் வந்த 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் ஆயிரம் ரூபாய் அபராதம் விதித்ததோடு, மூன்று மாதங்களுக்கு ஓட்டுநர் உரிமத்தை முடக்கவும் வகைசெய்தது.

தன் தலை, தன் உரிமையா?

"பிறருக்கு நான் தீங்கு செய்தால் அரசு என்னைத் தண்டிக்கட்டும். என் தலையை நான் பாதுகாக்கவில்லை என்பதற்காக என்னைத் தண்டிக்க அரசு யார்?" எனக் கேட்போர் உளர். இக்கேள்வியை எள்ளி ஒதுக்கிவிடலாகாது. ஒருவனது சொந்த நன்மை என்பது மட்டுமே அவனைக் கட்டாயப்படுத்தப் போதிய காரணமாகாது என, ஆங்கிலத் தத்துவஞானி ஜான் ஸ்டூவர்ட் மில் 1859ஆம் ஆண்டிலேயே வாதிட்டார். நாமும் எதற்கெடுத்தாலும் சட்டம் கேட்பவர்கள் அல்லோம். மனிதனை என்றென்றும் குழந்தையாகவே நடத்தும் அரசு, அவனைக் குழந்தையாகவே வைத்துவிடும் என்பதும் நமது கருத்தே.

ஆனால் "என் தலை" என்னும் சொல்லில்தான் பிழை இருக்கிறது. பங்குத்தந்தை என்ற முறையில், விபத்துக்குப் பிந்திய நாட்களில் பல இல்லங்களின் திண்ணையில் நாம் அமர்ந்திருக்கிறோம். அங்கே இறந்தவரது உரிமையைப் பற்றி யாரும் பேசக் கேட்டதில்லை. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், வட்டிக்கு வாங்கிய கடன், பாதியில் நிற்கும் வீடு, நிச்சயமான தங்கையின் திருமணம் ஆகியவையே அங்கு பேச்சாக இருக்கும். உயிர் பிழைத்து, நினைவு தவறிப் படுக்கையில் கிடப்பவரது இல்லத்திலோ துயரம் இன்னும் நெடியது. மனைவி வேலையை விடுகிறாள். மூத்த மகன் படிப்பை விடுகிறான். குடும்பத் தலைவனின் தலை அவனுக்கு மட்டுமே உரியதன்று. அதன்மேல் பலருடைய வாழ்வு கட்டப்பட்டிருக்கிறது. ஆகவே, தனக்கு மட்டுமே தீங்கு என்னும் வாதம் குடும்பத்தின் வாசலிலேயே வலுவிழந்து போகிறது.

சட்டத்துக்கு முந்திய அறிவு

"அரேபியாவின் லாரன்ஸ்" எனப் புகழ்பெற்ற டி. இ. லாரன்ஸ், 1935ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் இங்கிலாந்தின் கிராமச் சாலையொன்றில் மோட்டார் சைக்கிளில் சென்றார். மிதிவண்டியில் சென்ற இரு சிறுவர்கள்மீது மோதாதிருக்க வண்டியைத் திருப்பியபோது தூக்கி எறியப்பட்டார். தலையில் கவசம் இல்லை. ஆறு நாட்களுக்குப் பின், தமது 46ஆம் வயதில் உயிர் நீத்தார். போரில் பிழைத்தவர் ஊர்ச்சாலையில் வீழ்ந்தார்.

அவருக்குச் சிகிச்சை அளித்தவர்களுள் ஹியூ கேர்ன்ஸ் என்னும் மூளை அறுவை மருத்துவரும் ஒருவர். அவர் பின்னர் மோட்டார் சைக்கிள் விபத்துகளில் தலைக்காயம் அடைந்தோரை ஆராய்ந்து, கவசம் காக்கும் என 1941ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். பிரிட்டிஷ் இராணுவம் அவ்வாண்டே தன் வீரர்களுக்கு அதனைக் கட்டாயமாக்கியது. ஆனால் அந்நாட்டின் பொதுமக்களுக்குச் சட்டம் வந்ததோ 1973ஆம் ஆண்டில்தான். இடைப்பட்ட 32 ஆண்டுகளில், தாமாக உணர்ந்து அணிந்தவர்கள் அதன் பயனைப் பெற்றார்கள். சட்டத்துக்காகக் காத்திருந்தவர்களோ அதனை இழந்தார்கள். அறிந்த நன்மையைச் செய்வதற்கு ஆணை எதற்கு?

நம் நாட்டுக் கணக்கையும் பார்ப்போம். 2022ஆம் ஆண்டில் தலைக்கவசம் அணியாது விபத்தில் இறந்தோர் 50,029 பேர் என மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 137 பேர்! இவர்களுள் 14,337 பேர் பின்னால் அமர்ந்து சென்றவர்கள். கவசம் அணிந்திருந்தால் இவர்கள் அனைவருமே பிழைத்திருப்பார்கள் எனச் சொல்ல இயலாது. ஆயினும் அது மரண அபாயத்தை ஏறக்குறைய 42 விழுக்காடும், தலைக்காய அபாயத்தை 69 விழுக்காடும் குறைக்கிறது என்பது ஆய்வாளர் பலமுறை கண்ட உண்மை.

"இதோ, கடைவரைதான்!"

சட்டம் காவல் நிற்பது சந்திப்பில்; ஆபத்தோ சந்தில் காத்திருக்கிறது. "இதோ, கடைவரைதான், மெதுவாகத்தான் போகிறேன்" என்பது நம் இல்லங்களில் அன்றாடம் கேட்கும் சொல். ஐந்தடி உயரத்திலிருந்து விழும் எப்பொருளும் தரையைத் தொடும்போது மணிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர் வேகத்தைப் பெற்றுவிடுகிறது. நின்ற வண்டியிலிருந்து சாய்ந்தாலும் தலைக்கு அதுவே கதி. கவசத்தின் உட்புறமுள்ள நுரைப்பகுதி, தான் நசுங்குவதன் மூலமே மோதலின் வேகத்தைத் தாங்கிக்கொள்கிறது. தாடைவாரை இறுக்கிப் பூட்டாவிட்டால், கவசம் ஒருபுறமும் தலை ஒருபுறமும் விழும். ஐ.எஸ்.ஐ. முத்திரையற்ற மலிவுப் பொருள் காவலரை ஏமாற்றலாம், சாலையை ஏமாற்றாது.

இன்னொரு காட்சி நம் நெஞ்சை வருத்துகிறது. தந்தை கவசம் அணிந்திருப்பார். பின்னால் மனைவி, மல்லிகைச் சரம் கசங்காதிருக்க, வெறுந்தலையோடு பக்கவாட்டில் அமர்ந்திருப்பார். முன்னே தொட்டியின் மீது பிஞ்சுக் குழந்தை! 2023ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த விதி, நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை ஓட்டுபவரோடு பிணைக்கும் பட்டையைக் கட்டாயமாக்கி, அப்போது வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டலாகாது என்கிறது. இதனை நமக்குச் சட்டம் போதிக்கவேண்டியதாயிற்றே!

பதினைந்து வயது மகனிடம் வண்டிச் சாவியைக் கொடுத்து, "எவ்வளவு அழகாக ஓட்டுகிறான்!" எனப் பூரிக்கும் பெற்றோருக்கும் ஒரு சொல். சிறுவர் வாகனம் ஓட்டிக் குற்றம் இழைத்தால், பெற்றோருக்கே மூன்றாண்டுவரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கச் சட்டத்தில் 199ஏ பிரிவு உண்டு. இதைவிடக் கொடிய தண்டனையைச் சாலையே விதிக்கக்கூடும்.

அரசுக்கும் கடமை உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. குழிகளை மூடாமலும், தெருவிளக்கு ஏற்றாமலும், மரத்தடியில் மறைந்து நின்று அபராதம் மட்டும் வசூலிக்கும் நிர்வாகம் மக்களின் மதிப்பைப் பெறாது. அதனைத் தட்டிக் கேட்பது குடிமக்களின் உரிமை. ஆனால் சாலையில் குழி இருக்கிறது என்பது கவசத்தைக் கழற்றுவதற்குக் காரணமன்று, அணிவதற்கே காரணம்.

ஆகவே, குடும்பத் தலைவர்களே, இல்லத் தலைவியரே! வண்டிச் சாவி தொங்கும் ஆணிக்கு அருகிலேயே கவசத்துக்கும் ஓர் இடம் செய்யுங்கள். ஒன்றல்ல, இரண்டு வாங்குங்கள். ஏறும் வயதுள்ள பிள்ளைக்கும் அளவானதொன்று வாங்குங்கள். வாசலில் நின்று வழியனுப்பும் தாய், "வாரைப் பூட்டினாயா?" என ஒரு சொல் கேட்கட்டும். காவலர் இல்லாத தெருவிலும் தந்தை கவசத்தோடு செல்வதைக் காணும் பிள்ளை, தலையைக் காப்பதை மட்டுமல்ல, யாரும் பாராதபோதும் நேர்மையாய் நடப்பதையும் கற்றுக்கொள்ளும். சட்டம் வாசல்வரைதான் வரும். இல்லத்துக்குள் பொறுப்பே ஆட்சி செய்யட்டும்.