தூறலில் பிறந்த யோசனை. 12 ஆண்டு வழக்கு!

பேடண்ட் என்றால் என்ன? ஓர் என்ஜினீயரின் கதை

மழை தூறுகிறது. காரின் முன்கண்ணாடியில் வைப்பர் ஒரு முறை துடைக்கிறது, நிற்கிறது. சில விநாடி கழித்து மறுபடியும் ஒரு முறை துடைக்கிறது.

இது என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். இந்தச் சின்ன விஷயத்துக்காக ஒருவர் உலகத்தின் மிகப் பெரிய மோட்டார் கம்பெனிகளோடு மோதினார். கோடிக்கணக்கில் பணம் வந்தது. ஆனால் அவர் கேட்டது வரவில்லை.

அவர் பெயர் ராபர்ட் கேர்ன்ஸ். மோட்டார் தொழிலுக்குப் பேர்போன அமெரிக்க நகரமான டெட்ராய்ட்டில் பொறியியல் பேராசிரியராக இருந்தவர்.

கண்ணில் பட்ட கார்க்கு

1953-ம் ஆண்டு. அவருக்குத் திருமணம் நடந்த இரவு. ஷாம்பேன் பாட்டிலைத் திறந்தார். கார்க்கு தெறித்து இடது கண்ணில் பட்டது. அந்தக் கண்ணில் பார்வை ஏறக்குறையப் போய்விட்டது.

சுமார் பத்து ஆண்டுக்குப் பிறகு ஒரு நாள் தூறலில் கார் ஓட்டிக்கொண்டு போனார். அந்தக் காலத்து வைப்பருக்கு ஓய்வு கிடையாது. ஓயாமல் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டே இருக்கும். பெருமழைக்கு அது சரி. தூறலில், காய்ந்த கண்ணாடி மேல் ரப்பர் கிறீச்சிட்டுக்கொண்டு ஓடும். ஒரு கண்ணால் பாதையைப் பார்ப்பவருக்கு எவ்வளவு தொல்லை!

அப்போதுதான் அவருக்குக் கண் இமையின் நினைவு வந்தது. இமை ஓயாமலா அடித்துக்கொள்கிறது? சில விநாடிக்கு ஒரு முறைதானே மூடித் திறக்கிறது! வைப்பரும் அப்படி இமைத்தால் என்ன?

மற்றவர்களும் இதற்கு வேறு வழிகளில் முயன்றுகொண்டுதான் இருந்தார்கள். கேர்ன்ஸ் மின்சார வழியில் போனார். அவர் எடுத்துக்கொண்டவை எல்லாம் ரேடியோ ரிப்பேர் கடையில் கிடைக்கும் சாமான்கள்: ஒரு கண்டென்சர், ஒரு ரெசிஸ்டர், டிரான்சிஸ்டர்.

குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விழும் தண்ணீரில் குடம் நிரம்புகிறது அல்லவா? அதுபோலக் கண்டென்சரில் மின்சாரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். நிரம்பியதும் டிரான்சிஸ்டர் வழி விடும், மோட்டார் ஓடும், வைப்பர் ஒரு முறை துடைக்கும். குடம் காலி! மறுபடியும் நிரம்பத் தொடங்கும். ஒரு குமிழைத் திருகினால் நிரம்பும் நேரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம்.

1963-ல் இதைத் தம்முடைய போர்டு காரில் பொருத்தி, போர்டு மோட்டார் கம்பெனியின் என்ஜினீயர்களிடம் காட்டினார். அவர்கள் ஆவலோடு பார்த்தார்கள், விவரம் கேட்டார்கள். 1964 டிசம்பர் 1-ந் தேதி கேர்ன்ஸ் தரப்பில் பேடண்டுக்கு மனுப் போடப்பட்டது. 1967 நவம்பர் 7-ந் தேதி பேடண்ட் கிடைத்தது.

இதற்கிடையில், உங்கள் உதவி இனித் தேவையில்லை என்று கம்பெனி சொல்லிவிட்டது. 1969-ல் போர்டு கார்களில் விட்டு விட்டுத் துடைக்கும் வைப்பர் வந்தது!

பத்திரம் போல ஒன்று

பேடண்ட் என்பதைத் தமிழில் காப்புரிமை என்கிறோம். அது அரசாங்கத்துக்கும் கண்டுபிடித்தவருக்கும் நடக்கும் ஒரு பேரம். "உன் கண்டுபிடிப்பை ஒளிக்காமல் எழுதிக் கொடு, எல்லோரும் படிக்கட்டும். அதற்குப் பதிலாகக் குறிப்பிட்ட காலம் வரை உன் அனுமதி இல்லாமல் வேறு யாரும் அதைச் செய்யவோ விற்கவோ கூடாது" என்பதுதான் ஒப்பந்தம். காலம் முடிந்ததும் அது ஊர்ப் பொதுச் சொத்து.

நிலப்பத்திரத்தில் நான்கெல்லை எழுதுகிறோமே, அதுபோலப் பேடண்டிலும் எல்லை உண்டு. "இதிலிருந்து இதுவரை என்னுடையது" என்று வரிசையாக எழுத வேண்டும். எல்லையைத் தப்பாக எழுதிவிட்டால் பக்கத்து நிலத்துக்காரன் உள்ளே வந்துவிடுவான்.

இந்தியாவில் முதல் மனு 1856-ல் கல்கத்தாவில் போடப்பட்டது. எதற்கு என்கிறீர்கள்? பங்கா இழுக்கும் இயந்திரத்துக்கு! வெயிலுக்கு அது பொருத்தம்தான்.

இப்போதுள்ள சட்டம் 1970-ல் இயற்றப்பட்டு 1972-ல் அமலுக்கு வந்தது. மனுப் போட்ட நாளிலிருந்து 20 ஆண்டு வரை உரிமை உண்டு. அதற்கு நடுவில் ஆண்டுக் கட்டணத்தைத் தவறாமல் கட்டி வர வேண்டும். சென்னையில் கிண்டியில் இதற்கான அலுவலகம் இருக்கிறது. இணையம் வழியாக மனுச் செய்யும் தனி ஆளுக்கு அடிப்படைக் கட்டணம் 1,600 ரூபாய். பரிசோதனைக் கட்டணம் தனி.

வெறும் யோசனைக்குப் பேடண்ட் கிடையாது. எப்படிச் செய்வது என்று காட்ட வேண்டும். பாட்டி வைத்தியத்துக்கும் கிடையாது. மஞ்சள் புண்ணை ஆற்றும் என்று 1995-ல் அமெரிக்காவில் ஒரு பேடண்ட் கொடுத்துவிட்டார்கள். இது எங்கள் அடுப்படிச் சங்கதி என்று இந்திய அரசின் விஞ்ஞானக் கழகம் பழைய நூல்களைக் காட்டியது. 1997-ல் அந்தப் பேடண்ட் ரத்தானது.

இன்னொன்று. புதிதாக ஒன்றைச் செய்தவுடன் ஊரைக் கூட்டிக் காட்டிவிடாதீர்கள். படத்தோடு செய்தி வந்தபின் மனுப் போட்டால், இது புதிதல்ல, எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று தள்ளிவிடுவார்கள். முதலில் மனு, பிறகு மாலை மரியாதை! வேலை முழுதும் முடியாவிட்டாலும் தற்காலிக மனுப் போட்டு இடம் பிடித்துக்கொள்ளலாம். முழு விவரம் கொடுக்க 12 மாதம் அவகாசம் உண்டு.

இவ்வளவும் செய்தாகிவிட்டது, பேடண்ட் கைக்கு வந்துவிட்டது. யாராவது அதை மீறினால்? போலீஸ் வராது. உரிமைக்காரர்தான் கோர்ட்டுக்குப் போக வேண்டும். நம் நாட்டில் மாவட்ட நீதிமன்றத்துக்குக் கீழே இந்த வழக்கைப் போட முடியாது. அமெரிக்காவிலும் வழக்குப் போடுவது உரிமைக்காரர் பொறுப்புத்தான். கேர்ன்ஸ் கோர்ட்டு ஏறியது இப்படித்தான்.

இட்லி யாருடையது?

1976-ல் அவருடைய மகன் மெர்சிடிஸ் காரின் வைப்பர் கருவி ஒன்றை வாங்கி வந்தான். கேர்ன்ஸ் பிரித்துப் பார்த்தார். உள்ளே இருந்தது தம்முடைய கண்டுபிடிப்பேதான் என்று கண்டார். மனம் உடைந்து நோயில் விழுந்தார். தேறி வந்து, 1978-ல் போர்டு கம்பெனி மீது வழக்குத் தொடுத்தார்.

கண்டென்சரும் டிரான்சிஸ்டரும் ஏற்கெனவே உள்ளவை; இதில் புதிது என்ன என்று கம்பெனி வாதாடியது. வாதம் சரிதானா? அரிசியும் உளுந்தும் எல்லா வீட்டிலும் இருந்தன. இரண்டையும் சேர்த்து அரைத்துப் புளிக்க வைத்து ஆவியில் முதன்முதல் வேக வைத்தவரிடம், "இதில் உன்னுடையது என்ன?" என்று கேட்க முடியுமா?

வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. கேர்ன்சுக்கு வழக்கைத் தவிர வேறு நினைவு இல்லை. மனைவியோடு விவாகரத்து ஆனது. வக்கீல்கள் மாறினார்கள்.

1990-ல் ஜூரிகள் தீர்ப்புச் சொன்னார்கள். போர்டு கம்பெனி பேடண்டை மீறியது உண்மை. ஆனால் வேண்டுமென்று செய்யவில்லை என்றார்கள். 1 கோடியே 2 லட்சம் டாலர் பெற்றுக்கொண்டு கேர்ன்ஸ் சமரசம் ஆனார். அடுத்து கிரைஸ்லர் கம்பெனி. இந்த வழக்கில் அவரே வாதாடினார்! 1992-ல் வென்றார். வட்டியோடு சுமார் 3 கோடி டாலர் வந்தது. மற்றக் கம்பெனிகள் மீது போட்ட வழக்குகள், குறித்த தேதியில் காகிதங்களைத் தாக்கல் செய்யாததால் தள்ளுபடி ஆகிவிட்டன.

கேர்ன்ஸ் விரும்பியது பணத்தை அல்ல. சொந்தமாகத் தொழிற்சாலை வைத்து, வைப்பரைத் தாமே செய்து கம்பெனிகளுக்கு விற்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. அதற்கு வழியில்லாமல் போயிற்று. அந்தக் காலத்து அமெரிக்கச் சட்டப்படி பேடண்டுக்கு ஆயுள் 17 ஆண்டு. அவருடைய முதல் பேடண்ட் 1984-லேயே முடிந்துவிட்டது. தீர்ப்பு வந்தபோது அதை யார் வேண்டுமானாலும் செய்யலாம்!

2005 பிப்ரவரியில் கேர்ன்ஸ் இறந்தார். கடைசிக் காலத்தில் அவரிடம் இரண்டு பழைய வண்டிகள் இருந்தன. ஒன்று போர்டு, மற்றொன்று கிரைஸ்லர். இரண்டிலும் விட்டு விட்டுத் துடைக்கும் வைப்பர் கிடையாது.