நானூறு ரூபாயில் ஒரு நல்ல இயர்போன்

(பத்தாம் வகுப்பு மாணவி)

உங்கள் வீட்டில் படிப்பதற்கென்று தனி அறை இருக்கிறதா? எங்கள் வீட்டில் இல்லை. பாளையங்கோட்டையில் எங்கள் வீடு முன்னறை, அடுக்களை என்று இரண்டே கட்டு. முன்னறையில் அம்மா பீடி சுற்றுவார்கள். தாத்தா தொலைக்காட்சி பார்ப்பார்கள். தம்பி உரக்க வாய்ப்பாடு ஒப்பிப்பான். அதே அறையில் உட்கார்ந்துதான் நான் அம்மாவின் செல்போனில் கணக்கு, அறிவியல் பாடங்களைக் கேட்டுப் படிக்க வேண்டும். 2020-ஆம் ஆண்டு கொரோனா நாட்களில் தொடங்கிய பழக்கம் இது. பள்ளி திறந்த பிறகும் விடவில்லை. எனவே இயர்போன் எனக்கு ஆடம்பரப் பொருள் அல்ல, நோட்டுப் புத்தகம் போல ஒரு தேவை.

முதலில் பேருந்து நிலையத்துக்கு அருகில் நடைபாதையில் 99 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். ஒரு மாதத்தில் இடது பக்கம் ஊமையாகிவிட்டது. இன்னொன்று வாங்கினேன், அது இரண்டு மாதம் உழைத்தது. மூன்றாவதும் வாங்கினேன். இப்படி 297 ரூபாய் போனது பெரிதல்ல. (அம்மாவைக் கேட்டால் பெரிதுதான் என்பார்கள்.) அந்த மூன்றுமே என் காதில் சரியாகப் பொருந்தவில்லை என்பதுதான் பெரிய சங்கதி. தொலைக்காட்சிச் சத்தம் இடையில் புகுந்துவிடும். அதை வெல்ல நான் செல்போனின் ஒலியைக் கூட்டிக் கூட்டி, கடைசிக் கட்டமாகிய 15-இல் வைத்துத் தினமும் இரண்டு மணி நேரம் கேட்டு வந்தேன். அரையாண்டுத் தேர்வு நெருங்கிய ஒரு நாள் இரவு படுத்தபோது காதுக்குள் ‘ங்ஙொய்’ என்று ஓர் இரைச்சல். மறுநாள் காலையில் இதைத் தாத்தாவிடம் சொன்னேன். நான் சொன்னது அவர்கள் காதில் விழுவதற்கு மூன்று முறை கத்த வேண்டியிருந்தது. விழுந்ததும் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டார்கள்.

“ஏளா, எனக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. ராத்திரி மில்லுல இருந்து வந்து படுத்தா காதுக்குள்ள வண்டு சத்தம் கேக்கும். காலையில போயிரும். ஒரு நாள் போகவே இல்லை” என்றார்கள்.

தாத்தா ஒரு நூற்பாலையில் முப்பது வருடங்களுக்கு மேல் வேலை பார்த்தவர்கள். பக்கத்தில் நிற்பவரிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டிய கூடம் அது. இப்போது ஆச்சி ‘சீனி’ என்றால் தாத்தா காதில் ‘தீனி’ என்று விழுகிறது. இதற்குக் காரணம் உண்டு. பேரொலியால் கெடும் காது முதலில் கீச்சென்ற உயர் அதிர்வெண் ஒலிகளை, குறிப்பாக 4,000 ஹெர்ட்ஸ் அளவில் உள்ளவற்றை இழக்கிறது. ‘ஸ்’ போன்ற மெல்லிய உரசல் ஒலிகள் அந்த உயர்ந்த பகுதியைச் சேர்ந்தவை. உள்காதில் நத்தைக் கூடு போன்ற ஓர் எலும்பறைக்குள் ஏறக்குறைய 15,000 நுண்மயிர்ச் செல்கள் உள்ளன. ஒலியை மூளைக்குச் சொல்லும் தூதுவர்கள் இவைதாம். மனிதரில் இவை ஒரு முறை இறந்தால் மறுபடி முளைப்பதில்லை.

என் காதிரைச்சல் இரண்டு நாளில் அடங்கிவிட்டது. ஆனால் அன்றைக்கே ஒன்று முடிவு செய்தேன். இனி வாங்கும் இயர்போனில் நான் பார்க்க வேண்டியது ‘எவ்வளவு சத்தம் வரும்’ என்பதை அல்ல. எவ்வளவு குறைந்த சத்தத்தில் தெளிவாகக் கேட்கும் என்பதைத்தான். சனிக்கிழமைச் சம்பளத்திலிருந்து அம்மா சிறிது சிறிதாகத் தந்ததும், கிறிஸ்துமஸுக்கு மாமா தந்ததும் சேர்ந்து என் கையில் 400 ரூபாய் இருந்தது.

வாங்குமுன் கெட்டுப்போன ஒன்றைப் பிளேடால் பிளந்து பார்த்தேன். உள்ளே இருப்பது மிக எளிய பொறி. ஒரு சிறு காந்தம், அதைச் சுற்றி மயிரிழை போன்ற செம்புக் கம்பிச் சுருள், சுருளோடு ஒட்டிய மெல்லிய தகடு, அவ்வளவுதான். பாடலோ பாடமோ மின்னோட்டமாகச் சுருளில் பாயும்போது சுருள் காந்தத்தால் முன்னும் பின்னும் தள்ளப்படுகிறது. தகடு அதிர்கிறது, காற்று அதிர்கிறது, நாம் கேட்கிறோம். ஒலிபெருக்கியும் இதே தத்துவம்தான். இதை வைத்துக்கொண்டு நல்லதொரு கருவி செய்யப் பெரிய தொழிற்சாலை வேண்டும் என்பதில்லை போலும். 1910-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நதானியேல் பால்ட்வின் என்பவர் தம் வீட்டுச் சமையலறையில் தலையில் மாட்டும் கேட்புக் கருவிகளைச் செய்து அந்நாட்டுக் கடற்படைக்கு அனுப்பினார். கடற்படையினர் சோதித்துப் பார்த்து, இன்னும் வேண்டும் என்று கேட்டார்களாம்! பாட்டுக் கேட்பதற்கான ஸ்டீரியோ ஹெட்போனை 1958-இல் ஜான் காஸ் கொண்டுவந்தார். 1979-இல் சோனி நிறுவனத்தின் வாக்மன் வந்த பிறகு, நடந்துகொண்டே கேட்கும் பழக்கம் உலகெங்கும் பரவியது. தாத்தாவின் பெட்டியில்கூட டிரான்சிஸ்டர் வானொலியோடு வந்த ஒற்றைக் காதுக் குமிழ் ஒன்று இன்னும் கிடக்கிறது. 1963-இல் தொடங்கிய திருநெல்வேலி வானொலியை அதில்தான் கேட்பார்களாம்.

சரி, கடைக்குப் போவோம். ஒரு சனிக்கிழமை மாமாவுடன் வண்ணார்பேட்டையிலும் ஜங்ஷனிலும் நான்கு கடைகள் ஏறி இறங்கினேன். ‘இயர்போன்’ என்று கேட்டால் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். ‘ஹெட்செட்’ என்றால்தான் எடுத்துப் போடுகிறார்கள். எல்லாப் பெட்டியிலும் ‘20 – 20,000 ஹெர்ட்ஸ்’ என்று அச்சிட்டிருந்தது. ஒலியியல் பாடம் படித்த நமக்குத் தெரியும், அது மனிதச் செவியின் எல்லை. நூறு ரூபாய்ப் பெட்டியிலும் ஆயிரம் ரூபாய்ப் பெட்டியிலும் அதே எண் இருந்தால் அதை வைத்து எதைத் தேர்ந்தெடுப்பது? ‘10 மி.மீ. டிரைவர்’ என்பதும் அப்படித்தான். தகடு பெரிதாக இருப்பதாலேயே ஒலி நன்றாகிவிடாது. உருப்படியாகப் பார்க்க வேண்டியது மின்தடை. 16 அல்லது 32 ஓம் என்றிருந்தால் செல்போனுக்கு ஏற்றது. அதற்கு மேல் பெட்டியிடம் கேட்க அதிகமில்லை.

“பேஸ் நல்லா இருக்கும் தங்கச்சி” என்று ஒரு கடைக்காரர் அண்ணன் ஒன்றைத் தந்தார். இடி இடிப்பது போல இருந்தது. ஆசிரியையின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. பேச்சு புரிவதற்கு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை இருந்தாலே போதும் என்றுதான் பழைய தொலைபேசிகளை அமைத்தார்கள். பாடம் கேட்பதற்கு அதிரும் தாழ்சுருதி தேவையில்லை, இடைப்பகுதி தெளிவாக இருக்க வேண்டும். அதனால் கடைக்குப் போகும்போது உங்களுக்குப் பழக்கமான ஒரு பாடமும், நாதஸ்வரமோ வீணையோ வரும் ஒரு பாட்டும் செல்போனில் கொண்டு போங்கள். நன்கு தெரிந்த குரலில்தான் குறை தெரியும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. காதுக்குள் செருகும் வகையோடு சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று ஜோடி ரப்பர் மொட்டுகள் தருகிறார்கள். பெரும்பாலோர் கருவியில் மாட்டி வந்த நடுத்தரத்தையே வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தொலைத்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். என் இடது காதுக்குச் சிறியதும் வலது காதுக்கு நடுத்தரமும் பொருந்துகின்றன என்று இப்போதுதான் தெரிந்தது! இரண்டு காதும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று விதியா என்ன? காது மடலை இலேசாக மேலே இழுத்துச் செருகுங்கள். சரியாக அடைத்துக்கொண்டால் கடைத் தெருவின் இரைச்சல் சட்டென்று தூரப் போகும், பாட்டின் தாழ்சுருதி தானாகக் கேட்கும். தாழ்சுருதி காணாமற்போனால் எங்கோ இடைவெளி இருக்கிறது என்று பொருள். நன்றாகப் பொருந்திய மொட்டு வெளிச்சத்தத்தைப் பத்துப் பதினைந்து டெசிபல் குறைக்கும். அந்த அளவுக்கு நீங்கள் ஒலியைக் கூட்ட வேண்டாம்.

பத்து டெசிபல் என்ன பெரிய கணக்கு என்று நினைக்காதீர்கள். 3 டெசிபல் கூடினாலே ஒலியின் ஆற்றல் இரு மடங்கு. 10 கூடினால் பத்து மடங்கு. 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரந்தான். சிறுவர்களுக்கு இன்னும் கண்டிப்பாக, 75 டெசிபலில் 40 மணி நேரம் என்று வைத்திருக்கிறார்கள். செல்போனை முழுச் சத்தத்தில் வைத்தால் 100 டெசிபலைத் தாண்டவும் கூடும். நம் கையில் அளவுகோல் இல்லை. ஆகையால் முழு அளவில் 60 சதவீதத்துக்கு மேல் போகாதீர்கள் என்பது அவர்களுடைய எளிய யோசனை. 15 கட்டத்தில் அது 9-ஆம் கட்டம்.

நான் பிளந்து பார்த்ததில் இன்னொன்றும் தெரிந்தது. காதுப் பக்கம் ஒன்றும் கெடவில்லை. கம்பிதான் பிளக்கின் கழுத்தில் அறுந்திருந்தது. ஆகவே கழுத்தில் வளையக்கூடிய ரப்பர் உறை இருக்கிறதா, இரு காதுக்கும் கம்பி பிரிகிற இடம் கெட்டியாக இருக்கிறதா என்று பாருங்கள். மேசையில் வைத்துப் படிப்பவர்களுக்கு ‘எல்’ வடிவப் பிளக் நல்லது. செல்போனைச் சுற்றி இறுக்கிக் கட்டி வைப்பதுதான் கம்பிக்கு எமன்; தளர்வாகச் சுருட்டுங்கள். பற்ற வைக்கத் தெரிந்த அண்ணன்மார் இருந்தால் புதுப் பிளக் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அந்த மயிரிழைக் கம்பிகளின் மேல் வண்ண மெருகு பூசியிருக்கும். அதைச் சூட்டால் கருக்கிவிட்டுத்தான் ஈயம் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டாது. நானே முயன்று விரலைச் சுட்டுக்கொண்டதுதான் மிச்சம்.

‘கம்பியில்லாத புளூடூத் வாங்கேன்’ என்று தோழிகள் கேட்டார்கள். 400 ரூபாயில் மின்கலம், அலைவாங்கி, சார்ஜ் செய்யும் பெட்டி எல்லாம் வந்த பிறகு ஒலிக்கென்று மிஞ்சுவது எவ்வளவு? அந்தச் சின்ன மின்கலம் சில வருடங்களில் சோர்ந்துவிடும், மாற்றவும் முடியாது. வாங்கத்தான் வேண்டுமென்றால் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் (‘ஆர்’ எழுத்தோடு எட்டு இலக்கம்) அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இன்னொரு சிக்கல்: இப்போது வரும் பல செல்போன்களில் 3.5 மி.மீ. துளையே இல்லை, டைப்-சி துளை மட்டுந்தான். வீட்டுச் செல்போனைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பெட்டியில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை, மாதம், ஆண்டு, புகார் செய்யும் எண் ஆகியவை அச்சிட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். பெயர் பெற்ற நிறுவனத்தின் பெட்டியைப் போலவே செய்து, ஓர் எழுத்தை மட்டும் மாற்றி விற்பதையும் அன்று பார்த்தேன். பில் வாங்குங்கள். பில் இல்லாமல் உத்தரவாத அட்டை வெறும் அட்டைதான். கடைக்காரர் மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைச் சொல்லிப் பாருங்கள். மாமா சொன்னவுடன் பில் புத்தகம் எங்கிருந்தோ வந்தது.

வாங்கிய பின் ரப்பர் மொட்டுகளைக் கழற்றி, வாரம் ஒரு முறை சோப்புத் தண்ணீரில் கழுவி, ஈரம் போக உலர்த்தி மாட்டுங்கள். இயர்போனை இரவல் கொடுக்க வேண்டாம். காது நோயும் கூடவே போகும். சாலையில் நடக்கும்போது வேண்டவே வேண்டாம்.

காது என்று பேசும்போது நம் பாளையங்கோட்டையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1890-களில் செல்வி பிளாரன்ஸ் சுவைன்சன் காதுகேளாத பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி இங்கேதான் இருக்கிறது. பார்வையற்றோர் பள்ளியும் இங்கேதான் இருக்கிறது. பாடங்களை ஒலிப்பதிவில் கேட்டுப் படிக்கும் பார்வையற்ற மாணவிக்கு இயர்போன்தான் பாடப் புத்தகம். அவர்களில் ஒருவர் கடையில் எப்படித் தேர்ந்தெடுப்பார் என்று யோசித்தேன். பெட்டியின் படத்தையும் வண்ணத்தையும் பார்க்கமாட்டார். செருகிப் பார்ப்பார், கேட்டுப் பார்ப்பார், கம்பியைத் தடவிப் பார்ப்பார். நான்காவது கடையில் நானும் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே செய்தேன். மாமாவுக்கு ஒரே சிரிப்பு.

380 ரூபாய்க்கு ஒன்று அமைந்தது. கறுப்பு நிறம், பார்க்க ஒன்றும் அழகில்லை. எட்டு மாதமாக உழைக்கிறது. அன்று 15-ஆம் கட்டத்தில் கேட்ட அதே கணக்குப் பாடம், அதே அறையில், இப்போது 7-ஆம் கட்டத்தில் தெளிவாகக் கேட்கிறது. மீதி 20 ரூபாய்க்கு ஒரு ஜோடி ரப்பர் மொட்டு வாங்கி வைத்தேன். அதில் ஒன்று அம்மாவின் பீடித் தட்டில் விழுந்து, இலையோடு இலையாக எங்கோ போய்விட்டது. தாத்தாவை மருத்துவரிடம் காட்டிக் காது கேட்கும் கருவிக்கு மனு கொடுத்திருக்கிறோம். அது வரும் வரை எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி பழைய சத்தத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.