பருத்தி வணிகர் இருவரும் பல்கலைக்கழகம் இரண்டும்

பல்கலைக்கழகம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவன பெரும்பாலும் தேர்வும் பட்டமுமே. ஒருவர் எத்தகைய வினாக்களோடு கற்றார் என்பதைவிட, எங்கே பட்டம் பெற்றார் என்பதையே முதலில் கேட்கிறோம். இறையியல் கல்லூரிகளிலும் நிலைமை பெரிதும் வேறன்று. இப்பழக்கம் எங்கிருந்து வந்தது, ஆய்வையே உயிராகக் கொண்ட பல்கலைக்கழக மரபு எவ்வாறு தோன்றிற்று என்பவற்றை இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழக வரலாற்றின் துணைகொண்டு விளக்க முற்படுகிறோம். நாம் இதனை எழுதுவது காரைக்குடிக்கு அண்மையிலுள்ள நேமத்தான்பட்டியில் இருந்து. மான்செஸ்டரின் வரலாற்றோடு ஒத்துநோக்கத்தக்க வரலாறு ஒன்று இப்பகுதிக்கும் உண்டு. ஆதலின் இரண்டையும் அருகருகே வைத்துக் காண்போம்.

1. தேர்வு நடத்தும் கழகம்

இங்கிலாந்தில் நெடுங்காலம் இருந்த பல்கலைக்கழகங்கள் ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜுமே. ஆங்கிலிக்கன் திருச்சபையின் 39 கோட்பாடுகளை ஏற்காதோர் ஆக்ஸ்போர்டில் சேரவும் இயலாது. கேம்பிரிட்ஜில் பட்டம் பெறவும் இயலாது. பாப்திஸ்துகள், காங்கிரிகேஷனல் சபையார், கத்தோலிக்கர், யூதர் ஆகியோர் வெளியே நின்றனர். இத்தடை 1850களில் தளர்ந்து, 1871ஆம் ஆண்டுச் சட்டத்தால் பெரும்பாலும் நீங்கியது.

இதற்கு முன்னரே, 1836இல், சமயச் சோதனையின்றிப் பட்டமளிக்கும் இலண்டன் பல்கலைக்கழகம் தோன்றிற்று. எனினும் அது தானே கற்பிக்கவில்லை. கல்லூரிகள் கற்பித்தன, பல்கலைக்கழகம் தேர்வு நடத்திப் பட்டமளித்தது. 1854ஆம் ஆண்டின் உட் அறிக்கை இம்மாதிரியையே இந்தியாவுக்குப் பரிந்துரைத்தது. அதன்படி 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் நிறுவப்பெற்றன. 1818இல் தொடங்கப்பெற்று 1827இல் டென்மார்க்கு அரசரின் சாசனம் பெற்ற செராம்பூரின் வரலாறு வேறாயினும், அதன் ஆட்சிப் பேரவையோடு இணைந்துள்ள நம் இறையியல் கல்லூரிகளின் நடைமுறையும் இவ்வகையையே ஒத்திருக்கிறது.

இம்முறையால் விளைந்த நன்மையை மறுத்தல் ஆகாது. தொலைவிலுள்ள சிறு கல்லூரியின் மாணவரும் பெருநகர மாணவரும் ஒரே அளவுகோலால் அளக்கப்படுகின்றனர். ஆனால் வினாவும் விடையும் முன்னரே முடிவானவை, ஆசிரியர் அவற்றைக் கொண்டுசேர்ப்பவர் மட்டுமே என்னும் எண்ணமும் இம்முறையோடு வளர்ந்துவிட்டது.

2. ஓவன்ஸ் கல்லூரி

மான்செஸ்டர் பருத்தி ஆலைகளின் நகரம். அங்கு ஜவுளி வணிகம் செய்த ஜான் ஓவன்ஸ் என்பவர் 1846இல் மறைந்தபோது, ஏறத்தாழ 96,000 பவுனைக் கல்லூரி ஒன்று நிறுவுவதற்கு எழுதிவைத்தார். அவர் விதித்த நிபந்தனை, மாணவரிடமோ ஆசிரியரிடமோ சமயச் சோதனை நடத்தலாகாது என்பதாகும். அந்நகரின் செல்வத்தைப் பற்றி நாம் மறக்கலாகாத செய்தியும் உண்டு. அவ்வாலைகளுக்கு வந்த பருத்தியின் பெரும்பகுதி அக்காலத்தில் அமெரிக்க அடிமைத் தோட்டங்களில் விளைந்தது. அவ்வாலைகளின் துணி நம் நாட்டு நெசவாளரின் வாழ்வைக் குலைத்தது. அறச்செயலுக்குப் பயன்பட்ட பொருளாயினும் அது வந்த வழியையும் வரலாறு கேட்கவே செய்யும்.

கல்லூரி 1851இல் தொடங்கிற்று. முதல் சில ஆண்டுகள் மாணவர் மிகச் சிலரே. அவர்களும் இலண்டன் பல்கலைக்கழகத் தேர்வுகளையே எழுதினர். 1857இல் வேதியியல் பேராசிரியராக வந்த ஹென்றி ரொஸ்கோ, ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் புன்சன் என்னும் அறிஞரிடம் பயின்றவர். மாணவர் ஆய்வுக்கூடத்தில் தாமே செய்து கற்க வேண்டும், ஆசிரியர் ஓய்வின்றி ஆராய்பவராக இருக்க வேண்டும் என்னும் ஜெர்மானிய மரபை அவர் மான்செஸ்டரில் வேரூன்றச் செய்தார். 1880இல் விக்டோரியா பல்கலைக்கழகம் அமைந்தது. 1903இல் மான்செஸ்டர் தனிப் பல்கலைக்கழகமாயிற்று.

அங்கு நிலவிய கல்வி வாழ்வுக்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். 1907 முதல் 1919 வரை அங்கே இயற்பியல் பேராசிரியராயிருந்த ரதர்போர்டு, 1909இல் கைகர் என்னும் உதவியாளரோடு ஓர் ஆய்வைச் செய்யும் பொறுப்பை மார்ஸ்டன் என்பவரிடம் ஒப்படைத்தார். மார்ஸ்டன் அப்பொழுது இளநிலை மாணவரே. மெல்லிய பொற்றகட்டின்மேல் எய்த ஆல்பா துகள்களுள் மிகச் சில பின்னோக்கித் திரும்பியதை அவர்கள் கண்டனர். இதிலிருந்தே 1911இல் அணுக்கருக் கொள்கை பிறந்தது. விடை ஆசிரியருக்கே தெரியாத வினாவை மாணவரிடம் ஒப்படைக்கும் துணிவு அங்கே இருந்தது.

3. இறையியலுக்கு அங்குக் கிடைத்த இடம்

1904இல் மான்செஸ்டரில் இறையியல் புலம் தொடங்கப்பெற்றது. அது எந்தத் திருச்சபையின் அறிக்கைக்கும் கட்டுப்பட்டதன்று. அதன் முதல் தலைவர் ஆர்தர் சாமுவேல் பீக், பிரிமிடிவ் மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்தவர், குருப்பட்டம் பெறாதவர். அவர் வகித்த ரைலண்ட்ஸ் பேராசிரியர் பதவியில் பின்னர் டாட், மேன்சன், புரூஸ் முதலிய விவிலிய அறிஞர்கள் அமர்ந்தனர். சமயச் சோதனை நீங்கினால் விசுவாசமும் நீங்கிவிடும் என்று அஞ்சியோர்க்கு இவர்களது பணியே தக்க மறுமொழி எனலாம்.

அந்நகரிலுள்ள ஜான் ரைலண்ட்ஸ் நூலகமும் ஜவுளிச் செல்வத்தால் எழுந்ததே. 1972இல் பல்கலைக்கழகத்தோடு இணைந்த அந்நூலகத்தில் உள்ளங்கை அளவே ஆன நாணற்புல் தாள் துண்டு ஒன்று இருக்கிறது. யோவான் நற்செய்தி 18ஆம் அதிகாரத்தின் சில வரிகள் அதில் கிரேக்கத்தில் எழுதப்பட்டுள்ளன. 1935இல் அதை வெளியிட்ட ராபர்ட்ஸ், கையெழுத்தின் வடிவை ஒப்பிட்டு, அது 2ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்குரியது என்று கணித்தார். பின்வந்தோர் சிலர், கையெழுத்தை மட்டும் கொண்டு அவ்வளவு நுட்பமாகக் காலம் வரையறுத்தல் இயலாது என்று காட்டி, எல்லையை அந்நூற்றாண்டின் இறுதிக்கும் அதற்கு அப்பாலும் விரித்துள்ளனர். ஆயினும் பிரசங்க பீடங்களில், இத்துண்டு கி.பி. 125ஆம் ஆண்டுக்குரியது என்று ஐயமற்ற செய்தியாகக் கூறக் கேட்கிறோம். நற்செய்தி நூலின் மதிப்பு அந்த எண்ணைச் சார்ந்ததன்று. சான்று தாங்கும் அளவே சுமத்த வேண்டும் என்னும் நேர்மையே இங்கு நாம் கற்க வேண்டுவது.

4. காரைக்குடியின் வரலாறு

கோட்டையூரில் 1909இல் பிறந்த அழகப்பச் செட்டியாரும் ஜவுளித் தொழிலால் பொருளீட்டியவர். இலண்டனில் சட்டம் பயின்றவர். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் இலட்சுமணசுவாமி முதலியாரின் வேண்டுகோளை ஏற்று, 1947இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்திற்கென 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்கினார். 1948 ஜூன் 21இல் மான்செஸ்டரில், நினைவகத்தில் சேமித்த நிரலை இயக்கும் முதற்கணினி செயற்பட்டது. அதே ஆண்டு ஜூலை 25இல் காரைக்குடி நிலையத்திற்கு நேரு அடிக்கல் நாட்டினார். 1953இல் இராதாகிருஷ்ணன் அதனைத் திறந்துவைத்தார். மின்கலம், உலோகப் பூச்சு, துருத்தடுப்பு ஆகியவற்றில் அது இன்றும் ஆய்வு செய்து வருகிறது. அழகப்பர் 1957இல் மறைந்தார். அவர் நிறுவிய கல்வி நிலையங்களை அடித்தளமாகக் கொண்டு 1985இல் அழகப்பா பல்கலைக்கழகம் எழுந்தது.

கல்லூரி தொடங்கிய சில ஆண்டுகளுக்குள்ளேயே ஆராய்ச்சி நிலையமும் அருகில் அமைய வேண்டுமென்று அவர் விரும்பியது நம் கவனத்திற்குரியது. இருக்கும் அறிவைப் பரப்புவதோடு புதிய அறிவைத் தேடுவதும் கல்வியின் கடமை என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

5. நமக்குரிய பணி

ஆய்வு என்பது பெருநகரத்திற்கும் பெருஞ்செல்வத்திற்கும் மட்டும் உரியதோ? செட்டிநாட்டுக் கணக்கு மரபு இதற்கு விடை தரும். பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்திருந்த நகரத்தார், நாள்வழிச் சிட்டையில் இல்லாத தொகையைப் பேரேட்டில் ஏற்றமாட்டார். பேரேடு சரியாயின் அன்றி ஐந்தொகை நேராகாது. ஒவ்வொரு கூற்றுக்கும் மூலம் காட்டுதல் என்னும் ஆய்வு ஒழுங்கும் இதுவே.

சபையின் ஞானஸ்நானப் பதிவேடு, கல்லறைக் கல்வெட்டு, முதியோரின் நினைவு, மக்கள் வழிபாட்டில் பயன்படுத்தும் சொற்கள் ஆகியன ஒவ்வோர் ஆயரின் கைக்கெட்டும் சிட்டைகள். இவற்றை ஆராய்ந்து ஆண்டுக்கொரு கட்டுரை எழுதும் ஆயர், பட்டம் பெற்ற நாளோடு கற்றலை முடித்துக்கொண்டவர் ஆகார். இறையியல் ஆசிரியர்களும் தமக்கே விடை தெரியாத வினா ஒன்றையேனும் ஆண்டுதோறும் மாணவர் முன் வைப்பார்களாக. பவுல் கூறியவற்றையும் அப்படியே ஏற்காது, வேதவாக்கியங்களை நாள்தோறும் ஆராய்ந்து பார்த்த பெரோயா பட்டணத்தாரை அப்போஸ்தலர் நடபடிகள் 17ஆம் அதிகாரம் பாராட்டுகிறது. அவர்களுக்குப் பல்கலைக்கழகம் இருந்ததில்லை. ஆராயும் மனம் இருந்தது. அம்மனத்தை வளர்ப்பதே நம் கல்லூரிகளின் தலையாய பணி என்று கருதுகிறோம்.