பூனைக்கும் சர்க்கரை வியாதி!

மனிதருக்கு மட்டும்தான் சர்க்கரை வியாதி வரும் என்று நினைக்கிறீர்களா? இல்லை. பூனைக்கும் வரும்!

பூனை ஓயாமல் தண்ணீர் குடிக்கும். அடிக்கடி சிறுநீர் கழிக்கும். வயிறார தின்னும். ஆனாலும் இளைத்துக்கொண்டே போகும். இப்படி இருந்தால் உடனே கால்நடை டாக்டரிடம் காட்ட வேண்டும்.

1921-ம் ஆண்டு கனடாவில் பாண்டிங், பெஸ்ட் முதலியோர் "இன்சுலின்" மருந்தைக் கண்டுபிடித்தார்கள். நாய்களிடம்தான் முதலில் சோதித்தார்கள். இன்று இன்சுலின் பூனையின் உயிரையும் காக்கிறது.

பெரும்பாலான பூனைகளுக்கு 12 மணி நேரத்துக்கு ஒரு ஊசி. தோலைத் தூக்கிப் பிடித்து, அதன் அடியில் போட வேண்டும்.

அளவில் கவனம்!

கடைகளில் சாதாரணமாக இரண்டு வகை இன்சுலின் உண்டு. ஒன்றில், ஒரு மில்லி லிட்டருக்கு 40 யூனிட். மற்றதில் 100 யூனிட். ஒவ்வொன்றுக்கும் தனி ஊசிக்குழல். 100 யூனிட் மருந்தை 40 யூனிட் குழலில் அளந்தால், இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போய்விடும். உயிருக்கே ஆபத்து!

பூனை சாப்பிடவில்லையா? டாக்டரைக் கேட்காமல் ஊசி போடாதீர்கள். ஊசி போட்டோமா, இல்லையா என்று சந்தேகமா? மறுபடி போடாதீர்கள். அடுத்த வேளை வரை பொறுங்கள்.

மருந்து மிஞ்சினால் பூனை தள்ளாடும், வலிப்பும் வரும். ஈறில் தேன் தடவி, டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

ஒழுங்காகக் கவனித்தால், சில பூனைகளுக்கு ஊசியே தேவையில்லாமல் போவதும் உண்டு. ஆனால், ஊசியை நிறுத்தலாம் என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்!